பேப்பர் சரியாக இருந்தால் விசா வந்துவிடுமா?

தெரிந்தவர் யாருக்காவது விசா மறுக்கப்பட்டது என்று வீட்டில் பேச்சு வந்தால் போதும், கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் தூதரக அதிகாரிகள் ஆகிவிடுவார்கள். "பேங்க் பேலன்ஸ் கம்மியா இருந்திருக்கும்." "கடைசி மாசம் திடீர்னு அஞ்சு லட்சம் போட்டிருப்பாங்க, அதைக் கண்டுபிடிச்சிருப்பான்." "கவரிங் லெட்டர் ஒழுங்கா எழுதியிருக்க மாட்டாங்க." கடைசியில், வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு மாமா தீர்ப்பை வாசிப்பார்: "எல்லா பேப்பரும் கரெக்டா இருந்தா அவன் ஏன்ப்பா குடுக்காம இருக்கப் போறான்? நம்ம ஆளுங்க பண்ற திருட்டுத்தனத்தைப் பார்த்து அவன் பயப்படறான். அதுவுமில்லாம அவன் நாடு, அவன் இஷ்டம்."

மாமா சொல்வதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் தப்பு, மூன்றாவதில் பாதி சரி. ஆனால் படித்தவர்களும் நாலு நாடு போய் வந்தவர்களும் இதையே சொல்வதால் இது அனுபவ ஞானம் போல ஊரில் நடமாடுகிறது. மறுக்கப்பட்டவர் விஷயத்தை வெளியே சொல்லவே கூசுகிறார். பரீட்சையில் ஃபெயிலான பையனிடம் பேசும் தொனியில் அவரிடம் பேசுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு எந்த அவசியமும் இல்லை என்பது என் கட்சி. சுற்றுலா விசாவில் முதலில் எடைபோடப்படுவது பாஸ்போர்ட்டின் அட்டை. உள்ளே வைக்கும் பேப்பரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1952-ம் ஆண்டு அவர்கள் இயற்றிய குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுற்றிப்பார்க்க வருகிறேன் என்று விண்ணப்பிப்பவர் நிரந்தரமாகக் குடியேறத்தான் வருகிறார் என்று அதிகாரி முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று அவரைத் திருப்திப்படுத்துவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. கொலை வழக்கில்கூடக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. நயாகரா பார்க்கப் போகிறவர் மட்டும் தான் நிரபராதி என்று தானே நிரூபிக்க வேண்டும். அதையும் இரண்டு மூன்று நிமிஷத்தில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் துணைத் தூதரகத்துக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: "இவ்வளவு பெரிய ஃபைல் தூக்கிட்டுப் போனேன், திறக்கவே சொல்லலை." கிடைத்தவர்களும் இதைச் சொல்கிறார்கள், கிடைக்காதவர்களும் சொல்கிறார்கள். திறக்காத ஃபைலில் எந்தப் பேப்பர் சரியாக இருந்தது, எது சரியாக இல்லை?

கட்டணம் 185 டாலர். மறுத்தால் திரும்பி வராது. மேல்முறையீடும் கிடையாது. மறுபடி முயல வேண்டுமானால் மறுபடி பணம் கட்டி மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசை, கொரோனாவுக்குப் பிறகு 2022 கடைசியில், முதல்முறை விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டையும் தாண்டி நீண்டிருந்தது.

ஐரோப்பாவில் விவகாரம் கொஞ்சம் நாகரிகமாக நடக்கும். ஷெங்கன் எல்லைக்குள் இருக்கும் 29 நாடுகளுக்கும் ஒரே விசா விதித்தொகுப்பு, 2009-ல் வந்தது. மறுப்புக்கும் அச்சடித்த ஒரே படிவம்தான். காரணங்களை வரிசையாக அச்சிட்டு, பக்கத்தில் சின்னக் கட்டம் போட்டிருப்பார்கள். பொருந்துகிற கட்டத்தில் ஒரு டிக். அதில் நம்மூர்க்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான கட்டம் ஒன்று உண்டு: விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது அதன் சாரம். திரும்பிப் போகும் எண்ணம் என்பது ஒருவரின் மனசுக்குள் இருக்கும் சமாசாரம். அதற்கு எந்தத் தாசில்தாரும் சான்றிதழ் தர முடியாது. எனவே மனசைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சம்பளச் சீட்டைப் பார்க்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு?

தஞ்சாவூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர். பெண் ஐரோப்பாவில் வேலையில் இருக்கிறாள், பேரன் பிறந்திருந்தான். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். விண்ணப்பப் பட்டியலில் கேட்டிருந்தவை: மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வேலை பார்க்கும் இடத்திலிருந்து லீவு கடிதம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட். நம் நாட்டு வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அதனால் அவர் வாழ்நாளில் கணக்குத் தாக்கல் செய்ததில்லை. சம்பளமும் கிடையாது, லீவு கொடுக்க முதலாளியும் கிடையாது. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கி வைத்தார்.

பேங்க் ஸ்டேட்மென்ட்தான் சுவாரசியம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டால் பணம் கணக்குக்கு வந்துவிடும். குறுவைக்கு ஒருமுறை, சம்பாவுக்கு ஒருமுறை. நடுவில் பல மாதம் கணக்கு வறண்டு கிடக்கும். திடீரென்று ஒரு பெரிய தொகை விழும். அடுத்த வாரமே நகைக்கடனைத் திருப்பவும் உரக்கடைப் பாக்கியை அடைக்கவும் ஆள்கூலிக்கும் என்று எடுத்துவிடுவார். டெல்டாவில் ஆயிரக்கணக்கான கணக்குகள் இப்படித்தான் இருக்கும். விசா அதிகாரியின் மேஜையில் அதே தாள் வேறு கதை சொல்கிறது: ஒன்றுமே இல்லாத கணக்கில் விண்ணப்பத்துக்குச் சற்று முன்னால் திடீரென்று பணம் போட்டிருக்கிறார்கள். ஏஜென்டுகள் செய்யும் தில்லுமுல்லுக்கும் உழைத்து விளைவித்த சம்பா நெல்லுக்கும் ஸ்டேட்மென்ட்டில் ஒரே முகம்.

அவருக்கு வந்த தாளில் திரும்பிப் போகும் எண்ணம் பற்றிய கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர், தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே என்று சொந்த மச்சான் வீட்டுக் கல்யாணத்திலேயே ஒரு ராத்திரி தங்காதவர், ஐந்து ஏக்கரை விட்டுவிட்டு அங்கே பாத்திரம் கழுவ ஒளிந்துகொள்வார் என்று ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். நியாயமான சந்தேகமாம்! அவருடைய பேப்பரில் என்ன தப்பு என்று மாமா சொல்லட்டும். ஒரு காகிதமும் பொய் இல்லை, அவரிடம் இருக்கக்கூடிய ஒரு காகிதமும் குறையவில்லை. மாதச் சம்பளக்காரனை மட்டுமே மனுஷனாக எண்ணி வகுத்த பட்டியலில் அவருக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரே விதித்தொகுப்பு, ஒரே படிவம், ஒரே மாதிரிப் பேப்பர் என்றால் முடிவும் எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் இல்லையா? ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட 2024 கணக்கைப் பாருங்கள். உலக அளவில் மால்டா தன்னிடம் வந்த விண்ணப்பங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மறுத்திருக்கிறது. ஐஸ்லாந்து பத்தில் ஒன்றுகூட மறுக்கவில்லை. எந்தத் தூதரகத்துக்கு எந்த ஊர் ஆட்கள் போகிறார்கள் என்பதிலும் வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைக் கவரிங் லெட்டரின் தரத்தால் விளக்க முடியாது.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா தேவையில்லை என்றது. அதற்குச் சில வாரம் முன்பு தாய்லாந்தும் அதையே செய்தது. நவம்பர் 30 அன்று விசா இல்லாமல் உள்ளே விட முடியாதவராக இருந்த மதுரைக்காரர் விடிந்ததும் யோக்கியராகிவிட்டாரா? அவருடைய பேங்க் பேலன்ஸ் ராத்திரியோடு ராத்திரியாக ஏறியதா? அங்கே ஹோட்டல்கள் காலியாக இருந்தன, சுற்றுலாப் பயணிகள் தேவைப்பட்டார்கள். தேவை வந்ததும் சந்தேகம் போய்விட்டது.

ஒருவகையில் நம் ஜனங்களுக்கே இது தெரியும். பேப்பர் மட்டும் போதும் என்று உண்மையிலேயே நம்பினால் ஹைதராபாத் பக்கத்துச் சில்கூர் பாலாஜியை ஏன் 11 சுற்று சுற்றுகிறார்கள், விசா வந்ததும் ஏன் 108 சுற்று சுற்றி நன்றி சொல்கிறார்கள்? சாஃப்ட்வேர் படித்த பிள்ளைகள்தான் அங்கே கூட்டம். முடிவு தன் கையிலும் இல்லை, தன் ஃபைலிலும் இல்லை என்று புரிந்தவர்கள்தான் பெருமாளிடம் போகிறார்கள். மாமாவைவிட அவர்கள் யதார்த்தவாதிகள்.

இரண்டாவது வாதத்துக்கு வருவோம். நம் ஆட்கள் செய்த திருட்டுத்தனம். நடக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போலிச் சான்றிதழ் தயாரிக்கும் ஏஜென்டுகளும், சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மறைந்துவிடுபவர்களும் உண்டு. போலியில் ஒரு பகுதியை விதிகளே வளர்க்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமான முன்பதிவைக் காட்டு என்பார்கள்; விசா வருவதற்குள் டிக்கெட் வாங்கிவிடாதே என்றும் அவர்களே எச்சரிப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் 'டம்மி டிக்கெட்' என்று ஒரு வியாபாரமே ஓடுகிறது. ஐநூறோ ஆயிரமோ கொடுத்தால் சில நாள் மட்டும் உயிரோடு இருக்கும் ஒரு முன்பதிவு கிடைக்கும். யோக்கியமான ரிட்டயர்டு ஆசிரியை வாழ்க்கையில் முதல்முறை ஒரு அரைப்பொய்க் காகிதத்தில் கை வைப்பது இங்கேதான்.

ஆனால் விசாக் கெடுபிடி நம் திருட்டுத்தனத்தால்தான் பிறந்தது என்பது வரலாற்றுப் பிழை. தமிழர்களாவது இதை மறக்கக் கூடாது. காமன்வெல்த் நாட்டவர் விசா இல்லாமல் பிரிட்டனுக்குப் போய் வரலாம் என்று இருந்த வழக்கத்தை பிரிட்டன் முதலில் உடைத்தது இலங்கைக்காக, 1985 மே மாதம். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு உயிர் தப்பி ஹீத்ரோவில் வந்து இறங்கிய தமிழர்கள்தான் அதற்குக் காரணம். அடுத்த ஆண்டே இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா என்று பட்டியல் நீண்டது. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடைகளைக் களைந்து போராடினார்கள். அதே ஆண்டு ஒரு சட்டம் வந்தது: உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். இன்று மீனம்பாக்கத்தில் போர்டிங் பாஸ் தருவதற்கு முன் கவுன்டர் பெண் உங்கள் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்றால், அந்தப் பழக்கம் அப்படிப்பட்ட சட்டங்களிலிருந்து வந்தது. ஏமாற்றிய டூரிஸ்டைத் தடுக்க வந்த ஏற்பாடு அல்ல அது. அடைக்கலம் கேட்டு வருபவன் வாசல் வரைக்கும் வந்து சேரக்கூடாது என்று செய்த ஏற்பாடு.

ஒருவர் தப்புக்கு இன்னொருவர் தண்டம் கட்டுவது இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2019-ல் ஷெங்கன் விதிகளில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். நாங்கள் நாடு கடத்தும் ஆட்களை உங்கள் அரசு ஒழுங்காகத் திரும்ப வாங்கிக்கொள்ளாவிட்டால், உங்கள் நாட்டவர் எல்லாருக்கும் விசாவைக் கஷ்டமாக்குவோம் என்பதுதான் அது. முதலில் மாட்டியது மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா. 2021-ல் பலமுறை நுழைவு விசாவை நிறுத்தினார்கள். 2022 டிசம்பரில், மற்றவர்களுக்கு 80 யூரோ இருந்த கட்டணத்தைக் காம்பியர்களுக்கு 120 ஆக்கினார்கள். கட்டணத்தை 2024-ல்தான் இறக்கினார்கள். அதே 2024-ல் எத்தியோப்பியர்களுக்கு 15 நாளில் தர வேண்டிய முடிவை 45 நாளாக்கினார்கள். பாரிஸைப் பார்க்க ஆசைப்பட்ட காம்பியப் பள்ளி ஆசிரியர் எந்தப் பேப்பரைச் சரியாக வைத்திருந்தால் அந்த 40 யூரோ மிச்சமாகியிருக்கும்?

பிரிட்டன் இன்னொரு படி மேலே போய் இதைக் கணினியிடமே ஒப்படைத்திருந்தது. 2015 முதல் விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் ஒரு மென்பொருளை உள்துறை பயன்படுத்தியது. பிரிப்பதற்கான அளவுகோல்களில் ஒன்று விண்ணப்பதாரரின் நாடு. சந்தேக நாடுகளின் பட்டியல் ரகசியம். சிவப்பில் விழுந்தவருக்குக் கெடுபிடி அதிகம், அதனால் மறுப்பும் அதிகம். மறுப்பு அதிகம் என்பதால் அந்த நாடு இன்னும் சிவப்பு. இரண்டு உரிமை அமைப்புகள் வழக்குப் போட்டதும், வாதத்துக்கு நிற்காமல் 2020 ஆகஸ்டில் அரசு அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் இதே சுற்று வேறு உருவத்தில் நடக்கிறது. ஒரு நாட்டுக்கு விசா விலக்குத் தர வேண்டுமானால் அந்த நாட்டவரின் விசா மறுப்பு விகிதம் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மறுப்பவர்கள் யார்? அவர்களுடைய அதிகாரிகளே. அவர்கள் சந்தேகப்படும் அளவே நம் யோக்கியதையின் அளவாகிவிடுகிறது.

கடைசி வாதம்: அவன் வீடு, யாரை உள்ளே விடுவது என்பது அவன் இஷ்டம். பாதி சரி என்று சொன்னேன். எந்த நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு. நாமும் அதை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறோம். பாகிஸ்தான்காரருக்கு நாம் விசா கொடுத்த காலத்திலும் இந்த இந்த ஊருக்கு மட்டும் என்று எழுதி, போலீஸில் போய்ப் பதிவு செய்யவும் சொன்னோம். ஆகவே கதவைத் திற என்று யாரையும் அதட்டும் அருகதை நமக்கு இல்லை. ஆனால் திறக்காத கதவைத் தட்டியதற்குக் கூலி வாங்கும் வீட்டுக்காரர் எந்த ஊரில் இருக்கிறார்?

ஷெங்கன் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாய். விண்ணப்பத்தை வாங்கிவைக்கும் தனியார் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. லவுஞ்சில் உட்கார்ந்து கொடுக்க வேண்டுமா, கூரியரில் பாஸ்போர்ட் வர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். 2024-ல் இந்தியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கும் மேல். அவற்றில் சுமார் 15 சதவீதம், அதாவது ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் மறுக்கப்பட்டன. கட்டணத்தை மட்டும் பெருக்கிப் பார்த்தாலே நூறு கோடி ரூபாயைத் தாண்டும். பரிசீலிக்கச் செலவாகிறது, வாங்குகிறோம் என்பார்கள். சரி. கட்டணம் வாங்கி ஒரு வேலையைச் செய்கிறவன், என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொல்லக் கடமைப்பட்டவன். கட்டத்தில் ஒரு டிக் அந்தக் கடமைக்கு ஈடாகாது.

கேள்வி கேட்கும் வழிகளும் அடைபட்டுக்கொண்டே வருகின்றன. குடும்பத்தைப் பார்க்க பிரிட்டன் வருபவருக்கு மறுப்பை எதிர்த்து முழு மேல்முறையீடு செய்யும் உரிமை இருந்தது. 2013-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஆறு நாட்டவர் 3,000 பவுண்டு பிணைத்தொகை கட்டிவிட்டு வரட்டும் என்று ஒரு திட்டமும் போட்டார்கள். கண்டனம் எழுந்ததும் சில மாதங்களில் அதைக் கைவிட்டார்கள். ஆக, சத்தம் போட்டால் கேட்கவும் செய்கிறார்கள், இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மறுத்தால் அதே தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மறுபடி பாருங்கள் என்று செலவில்லாமல் கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அதை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். இனி மறுப்பை எதிர்க்க வேண்டுமானால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில், ஜெர்மன் மொழியில், வழக்குப் போட வேண்டும். பேரனைப் பார்க்கப் போகும் பாட்டி!

மறுப்பு அந்த ஒரு பயணத்தோடு முடிவதும் இல்லை. இதற்கு முன் எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா என்ற கேள்வி அடுத்தடுத்த பல நாட்டுப் படிவங்களில் காத்திருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய், அதற்குத் தனியே தடை வரலாம். ஆம் என்று எழுதினால் ஒருவருடைய அவசரச் சந்தேகம் இன்னொருவருடைய மேஜையில் சாட்சியாகிவிடும். 'பேப்பர் சரியில்லை போல' என்று நாம் சாவகாசமாகச் சொல்வதையே அந்த அதிகாரியும் சொல்வார்.

மாமாவின் கருத்தால் விண்ணப்பதாரர் மனம் நோவது ஒருபுறம். பெரிய நஷ்டம் வேறு. எல்லாப் பழியும் விண்ணப்பதாரரின் ஃபைல் மேல் விழுந்துவிட்டால், நம் அரசிடம் கேட்க ஒன்றுமே மிஞ்சுவதில்லை. கேட்பதற்கான இடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 அக்டோபரில், திறன் பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நர்ஸ் படித்த பெண்கள் இரவெல்லாம் ஜெர்மன் படிக்கிறார்கள். அந்தப் பெண்ணை வரவேற்கும் நாடு, அவளுடைய பிரசவத்துக்குத் துணையிருக்கக் கிளம்பும் அம்மாவின் திரும்பும் எண்ணத்தைச் சந்தேகிக்கிறது, ஏன் என்று கேட்கும் கடிதத்தையும் வாங்க மறுக்கிறது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தத்திலேயே பெற்றோர் வருகைக்கும் ஒரு ஷரத்து சேர்க்கலாம்: மறுத்தால் காரணத்தை எழுத்தில் விவரமாகத் தரட்டும், மறுபரிசீலனை சென்னையிலேயே நடக்கட்டும், மறுத்த விண்ணப்பத்தின் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரட்டும், விவசாயியின் அடங்கலையும் கொள்முதல் ரசீதையும் வருமானச் சான்றாக ஏற்கட்டும். இவற்றில் எதுவும் எல்லையைத் திறந்துவிடு என்று கேட்பதாகாது. ஆள் வேண்டும் என்று அவர்கள் நம்மிடம் வந்து நிற்கும் இந்தச் சமயத்தில் டெல்லி இதைக் கேட்காவிட்டால், அவர்களுக்கு ஆள் போதும் என்றான பிறகு கேட்டுப் பயனில்லை.